கணக்கில் வராத நிமிடங்கள்

நோயைத் தீர்க்கும் மருந்துகளுள் காலமும் ஒன்று. ஏனைய மருந்துகளைக் களஞ்சியத்திற் சேமித்து வைக்கலாம். குறைந்தவிடத்துப் பிறநாட்டிலிருந்து தருவித்துக் கொள்ளலாம். காலத்தை அவ்வாறு செய்தல் இயலாது. இதயத் துடிப்பு நின்றுவிட்ட ஒருவரின் மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே பழுதுறத் தொடங்குகின்றது. மகப்பேற்றின் பின் கட்டுக்கடங்காது குருதி பெருகும் தாயொருத்தி, சிகிச்சை கிட்டாவிடின், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உயிர் துறக்க நேரிடலாம் என மருத்துவ அறிஞர் மதிப்பிடுவர். நள்ளிரவிற் கட்டுவிரியன் தீண்டியவர், நோவு எதனையும் உணராது உறங்கிக் கிடந்து, சில மணி நேரத்தின் பின் மூச்சு விடமாட்டாது தவிப்பதுண்டு. இவர்களுக்கு வேண்டிய மருந்தும் கருவியும் அறிவும் இந்நாட்டு வைத்தியசாலைகளில் உள்ளன. பல வேளைகளில் இல்லாது போவது அவ்விடத்தைச் சென்றடைவதற்கான நேரம் ஒன்றே.

அவசர நோயாளர் காவு வண்டிச் சேவையின் திறனை அளப்பதற்கு உலகெங்கும் பெரும்பாலும் ஒரே வகையான அளவுகோலே கையாளப்படுகின்றது. அழைப்பு ஏற்கப்பட்ட கணத்திலிருந்து வண்டி நோயாளியின் இடத்தைச் சென்றடைந்த கணம் வரை கழிந்த நேரமே அதுவாகும். இவ்வளவுகோல் பயனற்றது அன்று. ஆயினும் அது சேவையின் கடிகாரம். நோயாளியின் கடிகாரம் அன்று. நோயாளியின் கடிகாரம் நெஞ்சில் நோவு எழுந்த கணத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகின்றது. இவ்விரு கடிகாரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நகரத்திற் சிறிது. மலைத் தோட்டத்திலும் காட்டோரக் கிராமத்திலும் பெரிது. கிராமப் புறங்களில் வண்டி விரைந்து வரவேண்டும் எனப் பேசுவோர் முதலில் நோக்க வேண்டியது இவ்வேறுபாட்டினையே. மாத்தளை மாவட்டம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

மத்திய மாகாணத்தின் வடபாகத்தே அமைந்த இம்மாவட்டம் 1,993 சதுர கிலோமீற்றர் பரப்பும் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளும் கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 484,000 பேர். தெற்கே உக்குவளை, இரத்தோட்டை ஆகியன தேயிலையும் இறப்பரும் மிளகும் சாதிக்காயும் விளையும் மலைச்சரிவுகள். கிழக்கே தும்பறை மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது; அதன் சிகரங்களை மடித்த கையின் விரல் மூட்டுக்களுக்கு ஒப்பிட்டு ஆங்கிலேயர் நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். அம்மலைக்கு அப்பால் லக்கலவும் வில்கமுவவும் உள்ளன. வடக்கே நாவுல, கலேவெல, தம்புள்ளை என நிலம் தாழ்ந்து வரண்ட வலயமாகின்றது. ஒரே மாவட்டத்துள் மூடுபனி படரும் கணவாயும் யானை நடமாடும் சமவெளியும் அடங்கியிருத்தல் காண்போர்க்கு அழகு. நோயாளியை ஏற்றிச் செல்லும் சாரதிக்கு அது அழகன்று.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி இம்மாவட்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்கின்றது. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையும் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையும் அவ்வீதி தொடும் நகரங்களிலேயே அமைந்துள்ளன. எனவே வீதியை அண்டி வாழ்வோர்க்கு வைத்தியசாலை அண்மையில் உளது. கிழக்கே மலைக்கு அப்பால் வாழ்வோரோ, ஒன்றில் ரிவர்ஸ்டன் கணவாயின் கொண்டையூசி வளைவுகளை ஏறி இறங்கி இரத்தோட்டைக்கு வருதல் வேண்டும். அன்றேல் மொரகஹகந்தைப் பக்கமாகச் சுற்றி நாவுலவை அடைதல் வேண்டும். மழைக்காலத்தில் மண் சரியும். இரவில் யானை வழி மறிக்கும். தேசப்படத்திற் காணும் தூரத்துக்கும் வண்டி ஓடும் தூரத்துக்கும் இங்குப் பெரும் இடைவெளி உண்டு.

இம்மண்ணிற் காலத்துக்கும் உயிருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் புதியது அன்று. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னாரிற் கரையேறி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை வந்தடைந்தனர். மலைநாட்டின் வடவாயில் மாத்தளையே. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர்; நடக்க இயலாது வழியிலேயே விடப்பட்டோரும் உளர். இன்று ஏ9 வீதியிற் சிவப்பு விளக்குச் சுழல விரையும் வண்டியைக் காண்போர், ஏறத்தாழ அதே வழித்தடத்தில் உடன் நடந்தோரின் தோளையன்றி வேறு துணையின்றி வீழ்ந்தவர்களையும் நினைத்துப் பார்த்தல் தகும். 1880ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை மாத்தளை வரை நீண்டது. ஆயினும் புகையிரத நிலையத்துக்கும் லயன் அறைக்கும் இடைப்பட்ட மலைப்பாதை முன்போலவே இருந்தது.

தொழிலாளரின் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிய சட்டங்களுள் 1912ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடத்தக்கது. மருந்தகங்களும் தோட்ட வைத்தியசாலைகளும் அமைந்தன. எனினும் அவை நாடு முழுவதற்குமான சுகாதார சேவைக்குப் புறம்பாகவே நெடுங்காலம் இயங்கின. 1970களிற் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. 1990களின் பின்னரே தோட்ட வைத்தியசாலைகள் படிப்படியாக அரச சுகாதாரத் துறையின்கீழ்க் கொண்டுவரப்படலாயின. இக்காலம் முழுவதும் கடும் நோயுற்ற தொழிலாளிக்கு வண்டி என்பது தோட்டத்து லொறியே. அதற்கு நிருவாகத்தின் அனுமதி வேண்டும். சாரதி இருத்தல் வேண்டும். லொறி கொழுந்து ஏற்றச் செல்லாதிருத்தல் வேண்டும். பின்னர் முச்சக்கர வண்டி வந்தது. அது அனுமதி கேளாது. ஆயின் கூலி கேட்கும். சிங்களக் கிராமவாசியின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. அயலவரின் உழவு இயந்திரமோ மரக்கறி லொறியோதான் அவருக்கும் துணையாயிற்று.

இந்நிலையில் தோன்றியதே '1990' என்னும் தொலைபேசி இலக்கத்தாற் பெயர்பெற்ற சுவசெரிய சேவை. இந்திய அரசின் நன்கொடையுடன், அப்போதைய பிரதி அமைச்சர் ஹர்ஷ டி சில்வாவின் முன்முயற்சியால், 2016ஆம் ஆண்டு யூலை மாதம் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் இது தொடங்கியது. ஐதராபாத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கி, 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கும் பரவிய '108' சேவையே இதற்கு முன்மாதிரி. தொடக்கத்தில் இந்திய உதவி குறித்து ஐயமும் எதிர்ப்பும் எழாமலில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டு யூலையில் யாழ்ப்பாணத்தில் இரண்டாம் கட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. மேலும் 209 வண்டிகள் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றினால் சேவை தனி மன்றத்தின் பொறுப்பாயிற்று. பின்னர் மத்திய மாகாணம் உட்பட ஒன்பது மாகாணங்களுக்கும் அது விரிந்தது. வண்டியொன்றிற் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் சாரதி ஒருவரும் இருப்பர். கட்டணம் இல்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அழைக்கலாம். வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களை அண்டித் தரித்து நிற்கும்.

இச்சேவையின் சிறப்பு விரைவில் மட்டும் அடங்குவதன்று. 1966ஆம் ஆண்டில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் பிராங் பான்றிட்ஜ் என்னும் இதய வைத்தியர் இதய மின்னதிர்வுக் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளியிடம் கொண்டுசென்றார். நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராது, வைத்தியசாலையின் ஒரு பகுதி நோயாளியிடம் செல்லல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. பாம்பு தீண்டி மூச்சுத் திணறும் ஒருவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி விரைவதற்கும், அவருக்கு ஒட்சிசன் கொடுத்துச் சுவாசத்தைத் தாங்கியவாறு கொண்டு செல்வதற்கும் உள்ள வேறுபாடு, பிணத்தைக் கொண்டு சேர்ப்பதற்கும் உயிரைக் கொண்டு சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும். முச்சக்கர வண்டி முன்னதாகச் சென்றடைந்தாலும் இவ்வேறுபாடு மறைந்துவிடாது.

இனி வண்டிகளின் பங்கீட்டைச் சிறிது கணக்கிட்டு நோக்கலாம். இரு கட்டங்களிலும் வழங்கப்பட்ட வண்டிகள் 297. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். நிலத்தின்படி பங்கிட்டால் ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 221 சதுர கிலோமீற்றர் வரும். மாத்தளை மாவட்டத்துக்கு ஒன்பது வண்டிகள் கிடைக்கும். 2012ஆம் ஆண்டுக் குடிசனத் தொகையின்படி பங்கிட்டால் ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 68,500 பேர் வருவர். மாத்தளைக்குக் கிடைப்பவை ஏழு. இவை கணக்குப் பயிற்சியேயன்றி மாவட்டத்தில் உள்ள வண்டிகளின் தொகையன்று. ஆயினும் இக்கணக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. தலைக்கணக்கு எனும் நீதி ஒன்று. நிலக்கணக்கு எனும் நீதி வேறொன்று. பரந்த நிலமும் சிலரே வாழும் ஊர்களும் கொண்ட லக்கல போன்ற பகுதிக்குத் தலைக்கணக்கு எப்பொழுதும் பாதகமானது.

நிலக்கணக்குங்கூட முழு நீதியன்று. 221 சதுர கிலோமீற்றர் பரப்பை ஒரு வட்டமாகக் கொண்டால் அதன் ஆரை எட்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கலேவெலச் சமவெளியில் எட்டு கிலோமீற்றர் நேர்த்தூரம் பத்துக் கிலோமீற்றர் வீதியாகலாம். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்திற் பத்து நிமிடத்திற் சென்றடையலாம். தும்பறைச் சரிவில் அதே நேர்த்தூரம் வளைந்து வளைந்து பதினைந்து கிலோமீற்றராகும். வேகமோ இருபத்தைந்துக்கு மேற் செல்லாது. அப்போது செல்லும் நேரம் முப்பத்தாறு நிமிடம். பத்துக்கும் முப்பத்தாறுக்கும் உள்ள வேறுபாடு சாரதியின் குறையால் விளைந்ததன்று, மலையினால் விளைந்தது. எனவே பங்கிடப்பட வேண்டியது தலையும் அன்று, நிலமும் அன்று. நேரமே பங்கிடப்பட வேண்டும். எவ்விடத்தில் வண்டியை நிறுத்தினால் அதிகமானோர் குறித்த நிமிடங்களுக்குள் அடங்குவர், அவ்வாறு அடங்காது விடப்படுவோர் யாவர் என்ற இரு வினாக்களையும் ஒருங்கே கேட்டல் வேண்டும்.

இரண்டாம் வினா மறக்கப்படுவதற்குச் சராசரி என்னும் எண் காரணமாகின்றது. பத்து நோயாளருள் ஒன்பதின்மரிடம் வண்டி பத்து நிமிடத்திலும், ஒருவரிடம் தொண்ணூறு நிமிடத்திலும் சென்றதாகக் கொள்க. சராசரி பதினெட்டு நிமிடம், பாராட்டத்தக்க எண். அந்தப் பத்தாமவர் அவ்வெண்ணுள் மறைந்துவிடுகிறார். அவர் வாழுமிடம் பெரும்பாலும் மலையுச்சியிலோ காட்டோரத்திலோ ஆகும். மேலும், மலைப்பகுதிக்கு ஒருமுறை ஏறிய வண்டி நோயாளியை வைத்தியசாலையிற் சேர்த்துத் தன் இடத்துக்குத் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் செல்லும். அவ்வேளையில் அப்பகுதியில் இன்னொருவர் வீழ்ந்தால் வண்டி அடுத்த பிரிவிலிருந்து வரவேண்டும். அழைப்புக்களின் தொகையை மட்டும் எண்ணி, இங்குத் தேவை குறைவு எனக் கொள்வது இவ்வுண்மையைக் காணாது விடுவதாகும்.

இதுவரை கூறப்பட்டவை கடிகாரம் எண்ணும் நிமிடங்கள் பற்றியன. கடிகாரம் எண்ணாத நிமிடங்களே இவற்றினும் முக்கியமானவை. தாய்மார் இறப்பை ஆராய்ந்த செரீன் ததேயஸ், டெபோரா மெயின் என்னும் இருவர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினர். சிகிச்சை நாட வேண்டும் எனத் துணிவதிலே தாமதம். வைத்தியசாலையை அடைவதிலே தாமதம். அடைந்த பின் தக்க சிகிச்சை பெறுவதிலே தாமதம். இம்மூன்றுள் நோயாளர் காவு வண்டியின் கடிகாரம் அளப்பது இரண்டாவதன் ஒரு கூற்றினை மட்டுமே.

தோட்டமொன்றின் மேற்பிரிவில், இரவு பதினொரு மணியளவில், முதியவர் ஒருவருக்கு நெஞ்சடைப்பதாகக் கொள்க. முதலில் அது வாய்வு எனப்படும். ஓமமும் இஞ்சியும் காய்ச்சிக் கொடுக்கப்படும். வியர்த்துக் கொட்டிய பின்னரே அயல் அறைகள் விழிக்கும். வெளிக்களத்துத் தலைவரிடம் சொல்வதா, முச்சக்கர வண்டிக்காரரை எழுப்புவதா, விடியும்வரை பொறுப்பதா என்ற ஆலோசனை நிகழும். 1990 என்ற எண்ணை அறிந்த இளைஞன் ஒருவன் தொலைபேசியை எடுப்பான். லயனின் ஓரத்திலே அலைவரிசை கிட்டாது. கோயிலடி மேட்டுக்கு ஓடுவான். அவ்விடத்தில்தான் அழைப்பு ஏற்கப்படுகின்றது. சேவையின் கடிகாரம் அப்போதே தொடங்குகின்றது. முதியவரின் கடிகாரத்திலோ ஒரு மணி நேரம் முன்பே கழிந்துவிட்டது.

அடுத்து எழும் வினா மிக எளியது: 'எவ்விடம்?' நகரவாசி வீதியின் பெயரும் வீட்டிலக்கமும் கூறுவார். லயன் அறையிற் பிறந்து வளர்ந்தவர்க்கு நெடுங்காலமாகத் தமக்கென ஒரு முகவரி இருந்ததில்லை. தோட்ட அலுவலகத்தின் முகவரியே அவர் முகவரி. கடிதம் அங்கு வந்து, பின்னரே கையிற் சேரும். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயர். மக்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறு. பிரிவுகளுக்கு மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பழைய தோட்டம், புதுக்காடு என்பன போன்ற பெயர்கள். இப்பெயர்கள் தோட்டந்தோறும் மீளமீள வருவன. கொழும்பை அண்டிய அழைப்பு மையத்திலே தமிழறிந்த ஒருவர் பரிவோடு கேட்டாலும், அவர் முன்னுள்ள தேசப்படத்தில் அப்பெயர் இராது. மொழி ஒன்றாயிருந்தும் பெயர் பொருந்தாமையால் நிமிடங்கள் கழிகின்றன. முகவரியின்மை ஒருவருக்கு வாக்குரிமைக்கும் வங்கிக் கணக்குக்கும் மட்டும் இடையூறாவதன்று, உயிருக்கும் இடையூறாகும்.

மூன்றாவது பாதை. வண்டி வீதியின் முடிவு வரையே வரும். அங்கிருந்து லயனுக்கு ஒற்றையடிப் பாதையோ உடைந்த கற்பாதையோ இருக்கும். நாற்காலியில் இருத்தியோ, கம்பளியை இரு தடிகளிற் கட்டிக் கிடத்தியோ நால்வர் சுமந்து இறக்குவர். வண்டி 'இடத்தைச் சென்றடைந்தது' என்று பதிவாகிய பின்னர் நிகழும் நடை இது. எனவே இதுவும் கணக்கில் வராது. தும்பறைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்து முதியவளுக்கும், வில்கமுவவிற் குடியேறிய உழவனுக்கும் இம்மூன்று இடையூறுகளும் வெவ்வேறு உருவில் நேர்வனவே. துன்பம் இனம் பார்ப்பதில்லை. பாதை இல்லாமையும் அவ்வாறே.

இவற்றை நோக்குமிடத்து, வண்டிகளின் தொகையைக் கூட்டுவது மட்டும் போதிய மருந்தாகாது என்பது தெளிவு. எஞ்சினைப் பெருப்பிப்பதும் பயன்தராது. கொண்டையூசி வளைவில் வேகம் மற்றோர் ஆபத்தாகும். செய்யத்தக்கவை வேறு சில உள.

முதலாவது, பிரிவுக்குப் பிரிவு நேரத்தை எண்ணுதல். சராசரியோடு நில்லாது, மிகத் தாமதமாய் வண்டி சென்ற பத்திலொரு பங்கினர் எங்கு வாழ்கின்றனர் என்பதைப் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். நோய் எப்போது தொடங்கியது என்று வண்டியில் வருபவர் கேட்டுப் பதிந்தால் நோயாளியின் கடிகாரமும் ஏட்டில் ஏறும். அளக்கப்படாத தாமதம் குறைக்கப்படுவதில்லை.

இரண்டாவது, பெயரிடுதல். ஒவ்வொரு லயனுக்கும் இலக்கம், வீதியிலிருந்து பிரியும் ஒவ்வொரு பாதைக்கும் மும்மொழியிலும் பெயர்ப்பலகை, மக்கள் வழங்கும் பெயரையும் ஆவணப் பெயரையும் இணைத்த பட்டியல் ஆகியவை வேண்டும். இரவில் அழைப்பவர் 'கோயிலடி லயன், ஏழாம் இலக்கம்' என்றதும் மையத்திலுள்ளவர்க்குத் தேசப்படத்தில் ஒரு புள்ளி தோன்றல் வேண்டும். புதிய வண்டியொன்றின் விலையோடு ஒப்பிடின் இதன் செலவு மிகச் சிறிது.

மூன்றாவது, வண்டி வருமுன் அங்கிருக்கும் மனிதரைப் பயிற்றுதல். எவ்வளவு விரைந்தாலும் முப்பத்தாறு நிமிடம் செல்லுமாயின், முதல் ஐந்து நிமிடத்தின் வைத்தியர் அயலவரே. பெருகும் குருதியை அழுத்தி நிறுத்துதல், நினைவிழந்தவரைச் சரித்துக் கிடத்துதல், நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்குதல், பாம்பு தீண்டிய உறுப்பை அசையாது வைத்தல், கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் இருத்தல் ஆகியன ஒரு சில நாட்களிற் கற்கக்கூடியவை. ஒவ்வொரு பிரிவிலும் ஆணும் பெண்ணுமாக நால்வர் இதனைக் கற்றிருந்தால், சேவை அங்கு வந்து சேரும் நேரம் அரைமணியன்று, இரண்டு நிமிடமே. தமிழ்நாட்டின் 108 சேவையில் மோட்டார் சைக்கிளிற் செல்லும் முதலுதவியாளர் சேர்க்கப்பட்டமை இவ்வெண்ணத்தின் பாற்பட்டதே.

நான்காவது, எதிர்கொள்ளல். தோட்டத்து முச்சக்கர வண்டியைப் போட்டியாகக் கருதாது துணையாகக் கொள்ளல் வேண்டும். நோயாளி மேலிருந்து இறங்க, வண்டி கீழிருந்து ஏற, இரண்டும் முன்னரே குறித்த ஓரிடத்திற் சந்திக்குமாயின் மலைப்பாதையின் பாதி நேரம் மிஞ்சும். எவ்வகை நோயாளியை அவ்வாறு நகர்த்தலாம், எவரை நகர்த்தலாகாது என்பதை அழைப்பு மையமே கூறல் வேண்டும். போர் முடிந்த காலப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில், ஏற்கெனவே வைத்தியசாலைகளில் இருந்த வண்டிகளையே ஓர் அழைப்பு ஒழுங்கின்கீழ்க் கொண்டுவந்து அவசர சேவை நடத்தப்பட்டது. இருப்பனவற்றை இணைத்தலும் ஒருவகைப் பெருக்கமே என்பதற்கு அது சான்று.

ஐந்தாவது, இடர்க்காலத்துக்கு ஆயத்தமாதல். 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது சில இடங்களில் இச்சேவையே தடைப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியினால் மத்திய மலைநாட்டிற் பெரும் மண்சரிவுகள் நேர்ந்தன. மாத்தளையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வீதி துண்டிக்கப்படும் நாளில் வண்டியின் வேகம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அந்நாளில் எஞ்சுவது ஊரில் உள்ள பயிற்சி பெற்ற கைகளும், மலைக்கு அப்பால் மருந்தோடு இயங்கும் சிறிய வைத்தியசாலையும் மட்டுமே.

சிலரே வாழும் மலைகளுக்காக இவ்வளவு செலவும் முயற்சியும் தகுமா என்று கேட்போர் இருப்பர். அவர் வாதம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. வறிய நாட்டில் ஒரு வண்டியை மலைக்கு அனுப்புவது நகரத்தில் ஒரு வண்டியைக் குறைப்பதாகவே முடியலாம். ஆயினும் இந்நாட்டின் சுகாதார வரலாறு வேறொரு விடையைத் தந்திருக்கின்றது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது, நோயாளர் வரும்வரை காத்திராது குடும்பநல மாதினை வீடுதோறும் அனுப்பும் வழி வகுக்கப்பட்டது. நடந்தும் படகேறியும் அவர்கள் சென்றமையாலேயே, செல்வம் மிக்க நாடுகளும் வியக்குமளவுக்குத் தாய்மார் இறப்பும் சிசு இறப்பும் இங்குக் குறைந்தன. அன்று அப்பெண் தலைக்கணக்குப் பார்த்து வீடுகளைத் தெரிந்தெடுத்திருப்பின் அவ்வெற்றி கிட்டியிராது. இறுதி வீட்டையும் எண்ணியதாலேயே அச்சேவை பொதுச்சேவை ஆயிற்று. தோட்டங்கள் நெடுங்காலம் அவ்வெண்ணிக்கைக்கு வெளியே நின்றன என்பதும், அதன் பயனாகவே அங்குச் சுகாதாரக் குறிகாட்டிகள் பின்தங்கின என்பதும் மறக்கற்பாலன அல்ல. அதே பிழை அவசர சேவையிலும் நேராதிருத்தல் வேண்டும்.

இப்பணியிற் பல்கலைக்கழகங்களுக்கும் பங்குண்டு. இலவசக் கல்வியின் பயனாக மலைத் தோட்டங்களிலிருந்தும் காட்டோரக் கிராமங்களிலிருந்தும் இங்கு வந்து கற்போர் பலர். இடப்பெயர்களைத் தொகுத்தல் தமிழ் பயில்வோர்க்கு இயல்பான பணி. மக்கள் வாயில் வாழும் தோட்டப் பெயர்களை ஆவணப் பெயர்களோடு பொருத்தித் தருதல் அவர்களால் இயலும். பாதைகளையும் நேரத்தையும் படத்தில் வரைதல் புவியியல் மாணவர்க்கு உரியது. முதலுதவி கற்பித்தலை மருத்துவ மாணவர் மேற்கொள்ளலாம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒருவர், தம் லயனுக்கு இலக்கமிட்டு, பத்துப் பேருக்கு மார்பழுத்தத்தையும் 1990 என்னும் எண்ணையும் கற்பித்து மீள்வாராயின், அவ்வூருக்கு ஒரு வண்டி சில நிமிடங்கள் அண்மையில் வந்துவிட்டது எனலாம்.

வீதியும் வண்டியும் அரசு தரவேண்டியன. அவற்றைக் கேட்பது மக்களின் உரிமை. ஆனால் நோவு எழுந்த கணத்துக்கும் வண்டியின் ஒலி கேட்கும் கணத்துக்கும் இடையே கிடக்கும் நிமிடங்கள் எவருக்கும் உரியனவாகாது கிடக்கின்றன. அவற்றுக்கு உரிமை கொண்டாட ஓர் ஊர் முன்வருமாயின், தும்பறை மலை தன் இடத்திலேயே நிற்க, அதற்கு அப்பால் வாழ்வோரின் தூரம் குறையும்.